நின்ற வண்டிக்கும் வயசாகும்: பழைய பைக் வாங்குமுன் டயரைப் படிப்பது எப்படி

பாளையங்கோட்டைப் பக்கம் பழைய பைக் பார்க்கப் போனால் இரண்டு வசனங்கள் தப்பாமல் காதில் விழும். ஒன்று, "சிங்கிள் ஓனர் அண்ணாச்சி." இன்னொன்று, "வண்டி ஓடவே இல்ல, வீட்லயே நின்னது. மாப்ள துபாய்ல இருக்கான்." இரண்டாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும், புதையல் இருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுக்கிற மாதிரி. நம் ஊரில் வளைகுடாவிலோ சென்னையிலோ மும்பையிலோ ஆள் இல்லாத தெரு கிடையாது என்பதால், அந்த வசனம் பாதிக்கு மேல் உண்மையாகவும் இருக்கும். உண்மையாக இருந்தால்தான் நான் அதிகம் யோசிப்பேன்.

2025 ஐப்பசியில், மழை பிடிப்பதற்குச் சற்று முன், அக்கா மகனுக்காக ஒரு வண்டி பார்க்கப் போனோம். அவனுக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை. தினமும் நான்குவழிச் சாலையில் போய்வர வேண்டும். ஆட்டோ கன்சல்டிங்காரர் ஒரு நூற்றைம்பது சிசி வண்டியைக் காட்டினார். ஆர்.சி.யில் 2017 மே மாதத் தயாரிப்பு. மீட்டரில் 13,400 கிலோமீட்டர். டேங்கில் கீறல் இல்லை, செல்ஃபைத் தொட்டதும் எஞ்சின் பிடித்தது, டயர் இரண்டும் கருகருவென்று மின்னின. "2019-ல மாப்ள துபாய் போனதுல இருந்து நிக்கி" என்றார். மருமகன் என் முகத்தைப் பார்த்தான். "எடுத்திரலாமா மாமா?"

நான் குத்தவைத்து, செல்போன் டார்ச்சை அடித்து, முன் டயரின் பக்கவாட்டில் தேடினேன். 1217 என்று இருந்தது. பின் டயரில் சங்கிலிப் பக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. நடு ஸ்டாண்டில் போடச் சொல்லி, சக்கரத்தைக் கையால் உருட்டி, சைலன்சர் பக்கம் கண்டுபிடித்தேன். 3821.

மேலப்பாளையம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர், விற்கிறவர் சொல்லும் வயசைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்பது அங்கே எழுதியிருக்கும். டயருக்கு அந்தப் பல், இந்த நாலு இலக்கம்தான். முதல் இரண்டு இலக்கம் ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. அடுத்த இரண்டும் ஆண்டு. 1217 என்றால் 2017-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம், அதாவது மார்ச் மூன்றாம் நான்காம் வாரம். 3821 என்றால் 2021-ன் 38-ஆவது வாரம், புரட்டாசி பிறந்த கையோடு செய்தது. வாரத்தை நாலேகாலால் வகுத்துப் பின்னத்தை மேலே ஏற்றிக்கொண்டால் மாதம் ஏறக்குறைய வந்துவிடும்.

இந்த எண் பெரும்பாலும் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். சில டயரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் நீண்ட வரிசையின் கடைசியில் வரும். பல டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே அச்சாகியிருக்கும், அதனால் ஒரு பக்கம் பார்த்துவிட்டு இல்லை என்று எழுந்துவிடக் கூடாது. 90/90-17 என்பது போல இருப்பது அளவு. அதைத் தேதி என்று குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. 2000-க்கு முந்தைய டயர்களில் மூன்று இலக்கம்தான் இருக்கும். 1985 முதல் 1996 வரை வந்த ஆர்.எக்ஸ். 100-ஐத் தேடி அலைகிற பித்து இன்னும் நம் பிள்ளைகளுக்குத் தீரவில்லை. அப்படி ஒரு வண்டியில் "கம்பெனி டயரே கிடக்கு" என்று யாராவது பெருமையாகச் சொல்லி, அங்கே மூன்று இலக்கம் இருந்தால், அதைக் கழற்றிச் சுவரில் மாட்டலாம். ரோட்டில் ஓட்டக் கூடாது.

தேதியை வைத்து வயசை மட்டும் அறிவது அரைவாசி வேலை. அதை ஆர்.சி.யோடு சேர்த்துப் படித்தால் வண்டியின் கதையே வெளிவரும். பைக் தொழிற்சாலைக்கு வரும் டயர் அங்கே ரொம்ப நாள் கிடக்காது. வண்டி தயாரான மாதத்துக்குச் சில வாரமோ சில மாதமோ முந்தைய தேதிதான் டயரில் இருக்கும். மார்ச் டயர், மே வண்டி. ஆக முன் டயர் கம்பெனி மாட்டியது, எட்டரை வயசு. பின் டயர் 2021 புரட்டாசிக்குப் பிறகு யாரோ மாற்றியது.

இங்கேதான் கணக்கு இடித்தது. 2019-ல் இருந்து நிற்கிற வண்டிக்கு 2021-க்குப் பிறகு யார் புது டயர் போட்டார்கள்? நின்று நின்று வெடித்துப்போனதால் மாற்றியிருக்கலாம், அது நியாயமான காரணம். ஆனால் அந்தப் புது டயரின் பட்டனும், அதாவது தரையில் படுகிற ரப்பர் மேடுகளும், பாதி தேய்ந்திருந்தது. இந்த ரக வண்டியில் ஒழுங்காகக் காற்று வைத்து ஓட்டினால் பின் டயர் இருபதாயிரம் கிலோமீட்டர் பக்கம் வரும். பாதி தேய்ந்தது என்றால், மாற்றிய பிறகு மட்டும் எட்டாயிரம், பத்தாயிரம் ஓடியிருக்க வேண்டும். முதல் டயரும் தேய்ந்துதான் கழன்றது என்றால் மொத்தம் முப்பதாயிரத்தை நெருங்கும். எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒன்று மீட்டர் பொய், இல்லை "நின்ற வண்டி" பொய்.

கன்சல்டிங்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நா ஏன் அண்ணாச்சி பொய் சொல்லப்போறேன், கொடுத்தவுக சொன்னதத்தான் சொல்லுதேன்" என்று போனைப் போட்டார். பேசிவிட்டுத் தலையைச் சொறிந்தார். மாப்பிள்ளையின் தம்பி பாலிடெக்னிக் போய்வர எடுத்திருக்கிறான். அதில் ரெண்டு வருஷம் மீட்டர் வேலை செய்யாமலே ஓடியிருக்கிறது. யாரும் ஏமாற்றத் திட்டம் போடவில்லை, யாரும் முழுதாகச் சொல்லவும் இல்லை. பழைய வண்டி வியாபாரத்தில் பெரும்பாலான பொய்கள் இந்த ரகம்தான்.

சரி, அந்தக் கதை உண்மையாகவே இருந்து, வண்டி ஆறு வருஷம் அசையாமல் நின்றிருந்தால்? அது இதைவிட நல்ல வண்டியா? எஞ்சினுக்கு ஒருவேளை. டயருக்கு நிச்சயம் இல்லை.

வீட்டுப் பத்திரக் கட்டில் பத்து வருஷத்துக்கு முன் போட்ட ரப்பர் பேண்டை இழுத்துப் பாருங்கள். நீளாது, பொடிப்பொடியாக உடையும், இல்லையென்றால் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதை யாரும் தேய்க்கவில்லை, ஓட்டவில்லை. காற்றே அதைத் தின்றது. குலசேகரம் பக்கம் போனால் மரத்தில் சிரட்டை கட்டிப் பால் வடிப்பதைப் பார்க்கலாம். அந்தப் பாலில் இருந்து வருகிற ரப்பர், நீளமான சங்கிலிகளாகப் பின்னிய ஒரு பொருள். அப்படியே விட்டால் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839-ல் சார்லஸ் குட்இயர் அதில் கந்தகம் கலந்து சூடாக்கினால் உறுதிப்படும் என்று கண்டார். சங்கிலிகளுக்கு இடையே முடிச்சு விழுவதால்தான் அப்படி. டயர் உருவானது அந்த முடிச்சுகளால்தான். சிக்கல் என்னவென்றால், முடிச்சு விழுவது தொழிற்சாலையோடு நின்றுவிடுவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சூடும் சேர்ந்து வருஷக்கணக்கில் மேலும் மேலும் முடிச்சு போடுகின்றன, சில சங்கிலிகளை அறுக்கவும் செய்கின்றன. மெத்தென்று இருந்தது கட்டையாகிறது.

சூடு பத்து டிகிரி கூடினால் இந்த மாதிரி ரசாயன வேலை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும் என்பது வேதியியல் படித்தவர்களின் கைக்கணக்கு. கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையின் வெப்பம் நாற்பதைத் தாண்டும். தார்ச்சாலை எளிதாக அறுபதைத் தொடும். குளிர் நாட்டுக் கம்பெனி ஒன்று சொல்கிற ஆயுளை நம்ம ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாதது இதனால்தான். மிஷெலின் போன்ற கம்பெனிகள், ஐந்து வருஷம் ஆனால் ஆண்டுக்கொரு முறை தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து வருஷம் ஆனால் நன்றாகத் தெரிந்தாலும் கழற்றுங்கள் என்கின்றன. இரண்டே சக்கரத்தில் போகிற நாம், இந்த வெயிலில், ஐந்தில் சந்தேகப்பட்டு ஆறில் மாற்றிவிடுவது என்பது என் கணக்கு. பத்து வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

நிற்பது ஏன் கூடுதல் கெடுதல்? டயர் ரப்பரில் ஒரு வகை மெழுகும், ஓசோனைத் தடுக்கும் மருந்தும் கலந்திருக்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் நசுங்கி விரிவதால் அவை உள்ளிருந்து கசிந்து மேலே வந்து தோலுக்கு எண்ணெய் தடவியது போல ஒரு படலமாகும். நிற்கிற டயருக்கு அந்த எண்ணெய்க் குளியல் கிடையாது. அதோடு, ஓசோன் இழுபட்டு நிற்கிற ரப்பரைத்தான் முதலில் கடிக்கும். ஒரே இடத்தில் நிற்கிற டயர் தரையைத் தொடும் இடத்தில் பக்கவாட்டு புடைத்து இழுபட்டிருக்கும். காற்று இறங்கியிருந்தால் இன்னும் அதிகம். வருஷக்கணக்கில் அங்கேயே மயிரிழை விரிசல் கிளம்பும். எனவே வட்டம் முழுக்கச் சீராக வெடித்திருந்தால் அது வயசு. ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வெடித்திருந்தால் அது நின்ற தழும்பு. வெல்டிங் பட்டறையை ஒட்டிய கொட்டகையில் நின்ற வண்டி என்றால் இன்னும் உற்றுப் பாருங்கள், வெல்டிங் ஒளி தன்னைச் சுற்றி ஓசோன் உண்டாக்கும்.

விரிசலை மறைக்க இன்று ஐந்து நிமிஷம் போதும். டயர் பாலிஷ் ஒரு கோட்டிங் அடித்தால் எட்டு வயசுக் கிழம் மாப்பிள்ளை ஆகிவிடும். சில இடங்களில் பழைய எஞ்சின் ஆயிலையும் டீசலையும் தடவி விடுகிறார்கள். அது மறைப்பது மட்டுமில்லை, ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கவும் செய்யும். தரையில் படும் பரப்பிலும் அதே பளபளப்பு இருந்தால் முதல் திருப்பத்திலேயே வழுக்கும். என் பழக்கம், பையில் ஒரு ஈரத்துணியும் கொஞ்சம் சோப்புத் தூளும். கேட்டுவிட்டு ஒரு சாண் இடத்தைத் துடைப்பேன். துடைக்க விடமாட்டேன் என்கிறவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

துடைத்த பிறகு மூன்று இடம் பார்க்க வேண்டும்: ரிம்மை ஒட்டிய விளிம்பு, பக்கவாட்டு, பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தின் அடி. கடைசி இடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பள்ளத்தின் அடியில் வட்டமாக ஒரு கோடு வெடித்திருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயர் முடிந்தது. கட்டை விரல் நகத்தை அழுத்தினால் இளம் ரப்பர் இடம் கொடுத்து உடனே எழும். கிழடு பனங்கொட்டை மாதிரி நகத்தைத் திருப்பி அனுப்பும். இதைக் காலையில் செய்யுங்கள். மத்தியான வெயிலில் எந்த டயரும் இளமையாக நடிக்கும்.

பட்டன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மொட்டை டயரை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்றோ சிறு முக்கோணமாகவோ குறி இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் ஒரு குறுக்கு மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயருக்கு விடைகொடுக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆவது விதி டயரின் நிலையைப் பற்றியதுதான். அங்கேயும் அளவுகோல் இந்த மேடுதான்.

ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. முன் டயர் லேசில் தேயாது. எட்டு வருஷம் ஆனாலும் பட்டன் பாதிக்கு மேல் இருக்கும், அதனால் வாங்குகிறவர் பின் டயரை மட்டும் குனிந்து பார்த்துவிட்டு முன்னதைத் தட்டிக்கொடுத்து நகர்கிறார். பின் சக்கரம் சறுக்கினால் பல நேரம் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் சறுக்கினால் சமாளிக்க நேரம் இருக்காது. பிரேக் பிடித்த அடுத்த நொடி தோள்பட்டை தரையில் இருக்கும். காய்ந்த ரோட்டில் கட்டையான ரப்பரும் ஏதோ பிடித்துக்கொள்ளும். மாசக்கணக்கில் தூசியும் எண்ணெயும் படிந்த சாலையில் ஐப்பசியின் முதல் தூறல் விழும்போதுதான் அது கைவிடும். ஆனி ஆடியில் தென்காசி தாண்டி சாரலில் குற்றாலம் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே மாதங்களில் பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலை சுற்றுகிற காற்று பைக்கைப் பக்கவாட்டில் தள்ளும். அங்கேயும் முன் டயரை நம்பித்தான் கைப்பிடியைப் பிடிக்கிறோம்.

தேய்மானத்தின் வடிவம் வண்டி எங்கே வளர்ந்தது என்றும் சொல்லும். பின் டயரின் நடு மட்டும் பலகை மாதிரி தட்டையாகி இரு ஓரமும் புதுசாக இருந்தால், அது மதுரை கன்னியாகுமரி நான்குவழிச் சாலையில் நேர்கோட்டில் ஓடிய வண்டி. வளைவில் சாய்க்கும்போது அந்தத் தட்டை முடிகிற விளிம்பில் வண்டி டக்கென்று விழுகிற மாதிரி இருக்கும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் எங்கோ விழுந்து சேஸோ, பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மோ கோணலாகியிருக்கலாம், டயரோடு போகிற செலவு இல்லை அது. முன் டயரில் கையை வைத்துத் தடவினால் மேடும் பள்ளமுமாக அலையடிக்கிறதா, ஃபோர்க் சஸ்பென்ஷனைப் பாருங்கள். திசையன்விளை, உவரிப் பக்கத்து வண்டி என்றால் பட்டன் முழுசாக இருந்தாலும் முள் பார்க்க வேண்டும். தேரி மணல் டயரைத் தேய்க்காது, உடைமுள் விடாது. முறிந்த முள்நுனி ரப்பருக்குள் தங்கி, மாசக்கணக்கில் மெல்ல மெல்ல உள்ளே போய் ஒருநாள் காற்றை இறக்கும்.

பஞ்சர் கதையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, எண்ணத்தான் வேண்டும். டியூப்லெஸ் டயரில் செருகிய ரப்பர் குச்சியின் முனை கரும்புள்ளியாகத் தெரியும். நடுப்பகுதியில் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. ஓரத்திலோ பக்கவாட்டிலோ இருந்தால் வேண்டாம். இன்னொரு தந்திரம்: டயரில் டியூப்லெஸ் என்று எழுதியிருக்கும், ஆனால் காற்றடிக்கிற வால்வு நட்டு போட்ட இரும்புத் தண்டாக நிற்கும். பெரும்பாலும் உள்ளே டியூப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ரிம் வளைந்து காற்று நிற்காததாலோ, குச்சி செருக இடமில்லாததாலோ அப்படிச் செய்திருப்பார்கள். டியூப் டயரில் வால்வு நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், காற்றில்லாமல் ஓட்டி டயரும் டியூப்பும் ரிம்மின் மேல் நகர்ந்திருக்கின்றன.

2023 டிசம்பர் 17, 18-ல் வந்த வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமே மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அப்போது நனைந்த வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஒருநாள் தண்ணீரில் கிடந்ததால் டயர் கெடாது. ஆனால் ரிம்முக்கும் டயருக்கும் இடையில் வண்டல் கோடு, ஸ்போக்ஸ் முனைகளில் துரு என்று அடையாளம் அங்கேதான் மிஞ்சும்.

விலைக்கு வருவோம். டயர் பழசு என்பது வண்டியை ஒதுக்கக் காரணம் இல்லை, விலையைக் குறைக்கக் காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அதனால் இரண்டையும் மாற்றுவது முன்பு போலக் கசக்காது. வண்டி பார்க்கப் போகுமுன் அதே அளவு டயருக்குக் கடையில் விலை கேட்டுக்கொண்டு போங்கள். "ஏதாவது குறைங்க" என்பதைவிட "ரெண்டு டயர் இவ்வளவு ஆகுது" என்ற பேச்சுக்கு மதிப்பு அதிகம். புது டயர் வாங்கும்போதும் அந்த நாலு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். ஓரம் கட்டிய பழைய சரக்கைத் தள்ளுபடியில் கொடுத்து நம்மைச் சந்தோஷப்படுத்தி அனுப்புகிற கடைகளும் உண்டு. புதுசின் மேல்பரப்பு கொஞ்சம் வழுவழுப்பாக இருக்கும், முதல் நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போக வேண்டும்.

நாங்கள் அந்த வண்டியையே எடுத்தோம். எஞ்சினை மெக்கானிக் பார்த்துச் சரி என்றார். முப்பதாயிரம் ஓடிய வண்டி என்று கணக்கு வைத்து விலை பேசினோம். கன்சல்டிங்காரர் முதலில் முறைத்து, பிறகு டீ வாங்கிக் கொடுத்துக் குறைத்தார். அங்கிருந்து நேராக எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைக்கு உருட்டாத குறையாக ஓட்டி வந்தோம். பெரியவர் முன் டயரைக் கழற்றி, இரண்டு கையாலும் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினார். பாலிஷுக்கு அடியில் ஒளிந்திருந்த விரிசல்கள் எல்லாம் வாயைத் திறந்தன, தண்ணீர் வற்றிய குளத்துத் தரை மாதிரி. "இதப் பாரும்வே" என்றார் மருமகனிடம். "பட்டன் பூராம் இருக்கு, உசுரு இல்ல."

டயரை என்ன செய்வது என்று கேட்டேன். "இங்கனயே கெடக்கட்டும்" என்றார். போன வாரம் காற்றடிக்கப் போனபோது அது கடை வாசல் வேப்பமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே வெள்ளை பெயிண்டில் "பஞ்சர்" என்று எழுதி, அம்புக்குறி போட்டிருந்தார்.